14 இலட்சத்துக்கு முன் ஒரு துண்டுக் கடதாசி

கேள்வி: வெள்ளவத்தையில் மாமனார் தொடங்கிய மருத்துவ நிலையத்தை இரண்டு வருடமாக நான் நடத்துகிறேன். ஆறு விசேட வைத்திய நிபுணர்கள் வந்து போகிறார்கள். செவ்வாயும் வியாழனும் பின்னேரம் 5 மணிக்கு வரும் நீரிழிவு நிபுணருக்கு 36 நம்பர் கொடுக்கிறோம். அந்த இரண்டு நாளும் படிக்கட்டுவரை ஆக்கள், கதிரை 30தான். கடைசி நம்பர் போகும்போது ஒன்பது மணியைத் தாண்டிவிடும். சண்டையும் நடக்கிறது. செயலியும் மென்பொருளுமாக 14 இலட்சம் ரூபா, முதல் வருடத்துக்குப் பிறகு ஆண்டுக்கு 15 வீதம் பராமரிப்பு என்று ஒரு கம்பனி கொட்டேஷன் தந்திருக்கிறது. மாத முடிவுக்குள் பதில் சொல்லவேண்டுமாம். கணவர், பக்கத்துக் கடையை மாதம் 120,000 ரூபா வாடகைக்கு எடுத்துக் கதிரை போடுவோம் என்கிறார். மாமனாருக்கு இரண்டிலும் விருப்பமில்லை. "ஆக்கள் நிறைஞ்சு இருந்தால்தான் டொக்டருக்கு மதிப்பு" என்கிறார். ஒரு நம்பரில் நிலையத்துக்கு நிற்பது 600 ரூபா. எதைச் செய்வது?
வாசகி, கொழும்பு 6

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்கு இரண்டையும் செய்யவேண்டாம். கையெழுத்து வைக்குமுன் நான்கு கிழமை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு கட்டுக் கடதாசியும் ஒரு சுவர் மணிக்கூடும்தான்.

36 பேரையும் எத்தனை மணிக்கு வரச் சொல்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பல நிலையங்களில் நம்பர் கொடுப்பார்கள், நேரம் கொடுப்பதில்லை. "டொக்டர் அஞ்சுக்கு வருவார்" என்று எல்லோருக்கும் ஒரே பதில். உங்களிடமும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்வோம். டொக்டர் ஆஸ்பத்திரி வேலையை முடித்து, காலி வீதி நெரிசலுக்குள்ளால் வந்து கதிரையில் உட்கார 5.40 ஆகிறது. ஒருவருக்குச் சராசரி 6 நிமிடம். 36 பேருக்கு 216 நிமிடம், அதாவது 9.16க்கு முடியும். நீங்கள் சொன்ன "ஒன்பதைத் தாண்டிவிடும்" என்பதோடு இது ஒத்துப்போகிறது. 5 மணிக்கு வந்த முதலாம் நம்பர் 40 நிமிடம் காத்திருக்கிறார். 36ஆம் நம்பர் காத்திருப்பது 250 நிமிடம், நாலு மணித்தியாலத்துக்கும் மேல். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரி 145 நிமிடம். ஒவ்வொருவரோடும் துணைக்கு ஒருவர் வந்தால் 5 மணிக்கு உங்கள் கூடத்தில் 72 பேர். 30 கதிரை எப்படிப் போதும்?

இனி அதே டொக்டர், அதே தாமதம், அதே 6 நிமிடம். மாற்றுவது ஒன்றே ஒன்றுதான்: நான்கு நான்கு பேராக நேரம் சொல்லுங்கள். முதல் நால்வருக்கு 5.20, அடுத்த நால்வருக்கு 5.50, பிறகு 6.15, 6.40 என்று 25 நிமிடத்துக்கு ஒரு தொகுதி. ஒன்பதாவது தொகுதிக்கு 8.45. டொக்டர் அப்போதும் 9.16க்குத்தான் முடிப்பார். அவருக்கு ஒரு நிமிடமும் வீணாகாது, ஒரு நோயாளரும் குறையமாட்டார். ஆனால் சராசரிக் காத்திருப்பு ஏறக்குறைய 20 நிமிடமாகிவிடும். இது கடதாசிக் கணக்கு. ஒருவருக்கு 3 நிமிடம், இன்னொருவருக்கு 15 நிமிடம் என்று போவதால் நடைமுறையில் அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் என்று எதிர்பாருங்கள். முக்கால் என்றே எடுத்தாலும், மணித்தியாலத்துக்கு 10 பேர் வந்து ஒவ்வொருவரும் முக்கால் மணித்தியாலம் இருந்தால், ஒரே நேரத்தில் உள்ளே இருப்போர் ஏழெட்டுப் பேர். துணையோடு 15 பேர். வருகை வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே நிற்போர் தொகை வரும் என்பதை ஜோன் லிட்டில் 1961இல் கணித முறைப்படி நிறுவினார். உங்கள் 30 கதிரையில் பாதி காலியாக இருக்கும். பக்கத்துக் கடை எதற்கு?

அந்தக் கடையின் வாடகையை 600ஆல் பிரித்துப் பாருங்கள்: மாதம் 200 நம்பர். இந்த நிபுணரால் உங்களுக்குக் கிடைப்பது மாதம் ஏறக்குறைய 310 நம்பர். அதில் மூன்றில் இரண்டு பங்கு, ஆக்களைக் காக்கவைக்கும் இடத்துக்கே போய்விடும்.

செயலியின் கணக்கும் இப்படித்தான். முதல் வருடம் 14 இலட்சம். அடுத்த நான்கு வருடம் ஆண்டுக்கு 2.1 இலட்சம். ஐந்து வருடத்தில் 22.4 இலட்சம். இந்தக் காசு திரும்பி வர, இப்போது வருவோருக்கு மேலதிகமாக மாதம் 62 நம்பர் வேண்டும். நெரிசலுள்ள இந்த டொக்டரிடமிருந்து என்றால் ஒரு நாளைக்கு 7 பேர் கூட. அவருடைய நேரம் ஏற்கனவே நிரம்பிவிட்டது; இன்னும் 7 பேரைப் பார்த்தால் அவர் எழும்ப 10 மணியாகும். மற்ற ஐவரின் நாட்களில் நம்பர் மிஞ்சுகிறதா? மிஞ்சினால், அது செயலி இல்லாததால் மிஞ்சுகிறதா, ஆக்களுக்கு அந்த நிபுணர் வருவது தெரியாததால் மிஞ்சுகிறதா என்று முதலில் பாருங்கள். "உங்கள் முன்னால் 19 பேர்" என்று போனில் காட்டுவது அந்த 19 பேரைக் குறைக்காது.

இனித் துண்டுக் கடதாசிக்கு வருவோம். ஏ4 தாளை நான்காக வெட்டுங்கள். மேலே நம்பர், திகதி. புதியவரா, பழையவரா, ரிப்போட் காட்ட மட்டும் வந்தவரா என்று ஒரு புள்ளடி. கீழே ஐந்து நேரங்கள்: வாசலில் வந்தது, டொக்டரின் அறைக்குள் போனது, வெளியே வந்தது, பார்மசியில் துண்டு கொடுத்தது, மருந்தோடு வெளியேறியது. நோயாளர் பெயர் எழுதவேண்டாம். நேரத்தை எழுதுவது உங்கள் ஊழியர். நோயாளரிடம் கேட்டு எழுதினால் காத்திருந்த கோபத்தில் நிமிடங்கள் நீளும். எல்லோரும் ஒரே சுவர் மணிக்கூட்டைப் பார்க்கவேண்டும். ஆளுக்கொரு கைமணிக்கூட்டைப் பார்த்தால் "உள்ளே போனது 6.12, வெளியே வந்தது 6.11" என்று துண்டுகள் வரும், பிறகு எதையும் நம்பமுடியாது. டொக்டர் வந்த நேரத்தை அன்றைய முதல் துண்டின் பின்புறத்தில் எழுதுங்கள். நான்கு நாள் எடுத்தால் 144 துண்டு சேரும். அது போதும்.

துண்டுகளை எக்செலில் ஏற்றும்போது சராசரியோடு நிற்கவேண்டாம். டொக்டர் பத்து நாளில் ஒன்பது நாள் 5.20க்கும் 5.50க்கும் இடையில் வந்து, ஒரு நாள் மட்டும் 6.20க்கு வந்தால் அந்த ஒரு நாள் சராசரியைப் பின்னுக்கு இழுத்துவிடும். நேரங்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பாருங்கள். நான்கு நாள் வருகையை வைத்து இதைத் தீர்மானிக்கமுடியாது. அவருடைய வருகை நேரத்தை மட்டும் ஒரு கொப்பியில் தொடர்ந்து எழுதிவாருங்கள். முதல் தொகுதியை அவர் வழமையாக வரும் நேரத்துக்கு வைக்காமல், ஆகவும் முந்தி வரும் நேரத்துக்கு வையுங்கள். டொக்டர் ஒரு நாள் வெறும் அறையில் இருந்துவிட்டால் திட்டம் அன்றோடு முடிந்தது. அதற்காக எல்லோரையும் முந்தி வரவைக்கத் தேவையில்லை. வாசலில் இரண்டு பேர் கைவசம் இருந்தால் போதும். 1952இல் இங்கிலாந்தில் வெளிநோயாளர் பிரிவுகளின் வரிசையை ஆராய்ந்த நோர்மன் பெய்லி காட்டியதும் இதைத்தான்: தொடக்கத்தில் இரண்டு பேர், பிறகு சராசரிப் பார்வை நேரத்துக்கு ஒருவர். நான்கு நான்காகச் சொல்லச் சொன்னதற்குக் காரணம் எங்கள் பஸ்ஸும் நெரிசலும். ஒருவர் பிந்தினாலும் மற்ற மூவரில் ஒருவர் உள்ளே போகலாம்.

டொக்டரோடு பேசுவது நீங்களாக இருக்கட்டும், வரவேற்பு மேசைப் பிள்ளையை அனுப்பவேண்டாம். "பிந்தி வாறீங்கள்" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அவர் வேண்டுமென்று பிந்துவதும் இல்லை. ஒரு பக்கக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள்: ஆஸ்பத்திரியிலிருந்து புறப்படும்போது நிலையத்தின் போனுக்கு "வெளிக்கிட்டேன்" என்று ஒரு வட்ஸ்அப். 5.15க்குள் அது வராவிட்டால் மூன்றாம் தொகுதிக்குப் பிறகு உள்ள எல்லோருக்கும் 20 நிமிடம் பிந்தி வரச்சொல்லி அறிவித்துவிடுவீர்கள். இந்த ஏற்பாட்டில் மிகப் பெரிய பலனைத் தரப்போவது அந்த ஒரு சொல்தான்.

அந்த 6 நிமிடத்துக்குள் என்ன நடக்கிறது என்பதையும் அவருடைய அனுமதியோடு எட்டுப் பத்துப் பேருக்குக் கவனியுங்கள். பையிலிருந்து ரிப்போட்டுகளைத் தேடி எடுப்பது, திகதி வரிசையில் அடுக்குவது, மாத்திரைப் பெயர் மறந்து மகளுக்குப் போன் எடுப்பது, நிறை பார்ப்பது, இரத்த அழுத்தம் பார்ப்பது, தமிழில் சொன்னதைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ திருப்பிச் சொல்வது. இவற்றில் ஒன்றரை நிமிடத்தை வெளியே ஒரு மேசைக்கு எடுத்தாலே 36 பேருக்கு 54 நிமிடம் மிஞ்சும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் 11 கட்டிலோடு தொடங்கி இவ்வளவு பெரிதாக வளர்ந்ததில், டாக்டர் கோ. வெங்கடசாமி வகுத்த இந்த ஒழுங்குக்குப் பெரிய பங்கு உண்டு: மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியதை மருத்துவர் செய்யட்டும், மற்ற எல்லாவற்றையும் பயிற்சி பெற்ற மற்றவர்கள் செய்யட்டும். மிஞ்சும் 54 நிமிடத்தில் இன்னும் சிலரைப் பார்ப்பதா, நேரத்தோடு வீட்டுக்குப் போவதா என்று டொக்டரே தீர்மானிக்கட்டும். நீங்கள் கேட்காமல் நம்பரைக் கூட்டினால் அடுத்த முறை எதற்கும் அவர் சம்மதிக்கமாட்டார்.

அந்த மேசையில் அவசரம் கூடாது. படியேறி வந்த கையோடு இரத்த அழுத்தம் பார்த்தால் கூடக் காட்டும். ஐந்து நிமிடம் இருக்கவிட்டு, முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் நிலத்தில், கால்மேல் கால் போடாமல், கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, பேசாமல் இருக்கும்போது பார்க்கவேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் உள்ளதைவிடக் கூடிய எண் வரும்; அதனால் இரண்டு அளவுப் பட்டை வாங்குங்கள். தவறான எண்ணோடு உள்ளே அனுப்பினால் டொக்டர் திரும்பப் பார்ப்பார், மிஞ்சிய நேரம் போய்விடும். திரும்பப் பாராவிட்டால் அதைவிட மோசம், தேவையில்லாமல் மருந்து கூடும்.

ரிப்போட் காட்ட மட்டும் வருவோர் உங்கள் சண்டைகளுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். "ரெண்டு நிமிசம்தான்" என்று நம்பர் இல்லாமல் இடையில் போவார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு தொகுதியிலும் கடைசி இடத்தை வெளிப்படையாக ஒதுக்கி, கதவில் எழுதி ஒட்டுங்கள். இதைவிட நல்லது, அந்த இரண்டாவது வருகையே தேவைப்படாமல் செய்வது. பழைய நோயாளருக்கு அடுத்த முறைக்கான பரிசோதனைகளை டொக்டர் இந்த முறையே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அவர் இரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போட்டோடு வருவார். கடந்த இரண்டு மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும்வயிறு தேவையில்லை என்பதால் வேலைக்குப் போகிறவரும் வசதியான நேரத்தில் கொடுக்கலாம். பரிசோதனையை எழுதுவது எப்போதும் டொக்டர்தான். நிலையம் தானாகப் பட்டியல் போட்டால், அது மற்றவர் காசில் கைவைப்பது.

இதை நீரிழிவு நாளில் தொடங்கச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. கிளிக்லசைட், கிளிமெபிரைட் போன்ற மாத்திரை அல்லது இன்சுலின் எடுத்துவிட்டு, "ஏழு மணிக்கு வீட்டை போய்ச் சாப்பிடலாம்" என்று வந்த அம்மா எட்டே முக்கால் வரை உங்கள் கதிரையில் இருந்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், கோபம் வரும். வரவேற்பு மேசையில் திடீரென்று கத்தும் வயோதிபர் ஒருவேளை சண்டைக்கு வராமல் இருக்கலாம். உங்கள் ஊழியர் எல்லோருக்கும் இது தெரியவேண்டும். மேசை லாச்சியில் குளுக்கோமீற்றரும் சீனியும் இருக்கட்டும். ஒரு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் 15 கிராம் சீனி, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள்; உடனே டொக்டருக்கும் சொல்லுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. டொக்டரை வெளியே கூப்பிடுங்கள், அவர் இல்லாவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

நேரம் சொன்னாலும் முதல் இரண்டு கிழமை ஆக்கள் நாலரைக்கே வருவார்கள். பல வருடப் பழக்கம். முந்தி வந்தவரை முந்தி உள்ளே விட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். சொன்ன நேரப்படியே கூப்பிடுங்கள். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பிலிருந்து வந்து இரவு பஸ் பிடிப்போருக்கு மட்டும் முதல் இரண்டு தொகுதியை ஒதுக்குங்கள். நம்பர் எடுக்கும்போதே "எங்கேயிருந்து வாறீங்கள்?" என்று கேட்டால் போதும். வேலை முடிந்து பிள்ளைகள் கூட்டிவரும் பெற்றோர் எட்டு மணித் தொகுதியை விரும்பியே எடுப்பார்கள். வராமல் விடுவோர் எத்தனை பேர் என்பதைத் துண்டுகள் சொல்லும். அது தெரியுமுன் மேலதிக நம்பர் கொடுக்கவேண்டாம்.

முதல்நாள் அனுப்பும் எஸ்.எம்.எஸ்ஸில் சின்னச் சிக்கல் ஒன்று. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70 இடம்தான். "க்" என்பதே இரண்டு இடம் பிடிக்கும். வணக்கத்தோடும் நிலையத்தின் முகவரியோடும் எழுதினால் மூன்று செய்தியின் காசு போகும். "நம்பர் 16: மாலை 6.40க்கு வாருங்கள்" என்பது 34 இடத்தில் அடங்கும். நிபுணரின் துறையையும் நோயையும் அதில் எழுதக்கூடாது. அந்தப் போன் யார் கையில் இருக்கிறதோ தெரியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலை விசேட வகையாகவே வைத்திருக்கிறது. ஊழியரின் சொந்தப் போனுக்கு ரிப்போட் படம் வாங்கும் வழக்கம் உங்களிடம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

பார்மசியையும் பாருங்கள். டொக்டர் 6 நிமிடத்துக்கு ஒருவரை வெளியே அனுப்புகிறார். ஒரே ஆள் மருந்து எடுத்து, விளக்கிச் சொல்லி, பில்லும் போட 8 நிமிடம் ஆனால், ஆளுக்கு 2 நிமிடம் சேர்ந்துகொண்டே போகும். 36ஆம் ஆள் வரும்போது ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் பின்தங்கியிருக்கும். மூன்றில் இரண்டு பேர்தான் உங்களிடம் மருந்து வாங்குகிறார்கள் என்றால் சமாளிக்கலாம். இல்லாவிட்டால் செவ்வாயும் வியாழனும் பில் போட ஒருவரை இரண்டு மணித்தியாலம் மாற்றிவிடுங்கள். மருந்து கொடுப்பதைப் பதிவுபெற்ற மருந்தாளரிடமே விடுங்கள்.

மாமாவின் பேச்சைத் தட்டிவிடவேண்டாம். கூட்டத்தைப் பார்த்து டொக்டரைத் தெரிவு செய்த காலத்தில் அவர் இந்த நிலையத்தைக் கட்டியெழுப்பினார். அவருக்குள்ள பயம், நிலையம் வெறிச்சோடித் தெரிந்தால் டொக்டரும் போவார், ஆக்களும் போவார்கள் என்பதுதான். ஒரு டொக்டர், இரண்டு நாள், நான்கு கிழமை மட்டும் என்று கேளுங்கள். நாளுக்கு 36 துண்டு அப்படியே இருப்பதை அவர் கையாலேயே எண்ணிப் பார்க்கட்டும். மற்ற ஐந்து டொக்டர்களின் நாட்களில் எதையும் தொடவேண்டாம்.

பிறகும் மென்பொருள் தேவைப்படலாம். ஆறு டொக்டர்களுக்கும் நேரத் தொகுதி என்றால் கொப்பியில் சமாளிப்பது கஷ்டம். அப்போது விற்பவரிடம் கேட்க உங்களிடம் சரியான கேள்விகள் இருக்கும். 20 நிமிடம் எல்லோரையும் பின்தள்ள எத்தனை தட்டு? கரண்டோ இன்டர்நெட்டோ போனால் அன்றைய பட்டியல் எங்கே இருக்கும்? ஒப்பந்தம் முடிந்தால் எங்கள் தரவை எக்செலில் முழுதாகத் தருவீர்களா? சிவகுமார் என்ற பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதினாலும் ஒரே ஆளைக் கண்டுபிடிக்குமா? அடையாள அட்டை இலக்கத்தில் பழைய ஒன்பது இலக்கமும் எழுத்தும், புதிய 12 இலக்கமும் இரண்டும் ஏறுமா? அட்டை இல்லாத பிள்ளையைத் தாயின் போன் இலக்கத்தில் பதியலாமா? படக்காட்சியில் இவற்றுக்குப் பதில் வராது. உங்கள் வரவேற்பு மேசையில், ஒரு செவ்வாய்க்கிழமை, உங்கள் ஊழியரின் கையில் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள்.

மாத முடிவுக் கெடுவைப் பற்றிப் பயப்படவேண்டாம். அதே விலையை மூன்று மாதம் நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் வேறு இரண்டு இடத்தில் கொட்டேஷன் எடுங்கள். இந்தச் செவ்வாய் நாலரைக்குமுன் 36 துண்டையும் வெட்டி, நம்பர் எழுதி, பேனையோடு வாசல் மேசையில் வைத்துவிடுங்கள்.